எங்களுக்கு ஆடி கிடையாது

பொய் சொன்னீர்கள் சார். உங்கள் வீட்டு மாடி காலியாக இருந்தது. மகன் குடும்பத்தோடு வருகிறான், அவனுக்காகத்தான் வைத்திருக்கிறேன் என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னீர்கள். மகன் வரவில்லை. வருவதாகவும் இல்லை. அந்த வீட்டு மோட்டாரைப் பதினோரு வருடமாகக் கழற்றி மாட்டுகிறவன் நான். உங்கள் வீட்டில் எந்தக் குழாயில் தண்ணீர் வரும், எதில் வராது என்பது உங்களைவிட எனக்குத் தெரியும்.

உங்கள் பெயரை எழுதப் போவதில்லை. தெருவின் பெயரையும் எழுதப் போவதில்லை. அதை நீங்களே சொல்ல வேண்டும். எங்கே என்று கடைசியில் சொல்கிறேன்.

படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியாது. விழுப்புரத்தில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். கிணற்று மோட்டார், போர் மோட்டார், வீட்டுக்குத் தண்ணீர் ஏற்றும் சின்ன மோட்டார், எது புகைந்தாலும் என்னிடம் வரும். அப்பா காணைப் பக்கம் கரும்பு வெட்டினவர். எனக்குக் கரும்பு வெட்ட வரவில்லை, செம்புக் கம்பி சுற்ற வந்தது. டவுனுக்கு வந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. எல்லோரும் என்னை மோட்டார்காரர் என்பார்கள். என் பெயர் யாருக்கும் தேவைப்பட்டதில்லை.

இந்த ஊரை எனக்குப் பிடிக்கும் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. தொழில் இங்கே இருக்கிறது, அதனால் இருந்தேன். ஒவ்வொரு தெருவிலும் தொட்டி மூடியைத் தூக்கிப் பார்த்தவன் நான். வாசலில் கிரானைட் பதித்து, கேட்டுக்குத் தங்கக் கலரில் பெயின்ட் அடித்திருப்பார்கள். மூடியைத் தூக்கினால் உள்ளே பல்லி செத்து மிதக்கும். அந்தத் தண்ணீரில்தான் சாமிக்குப் பாத்திரம் கழுவுவார்கள். புது பஸ் ஸ்டாண்டு பக்கம் போனால், அதை ஏரியில் கட்டினார்கள் என்பதை ஏரி மறக்கவில்லை. நான்கு நாள் மழை பெய்தால் பஸ்ஸுக்கு முட்டி வரை தண்ணீர் நிற்கும், எனக்கு அந்த வாரம் முழுக்க நனைந்த மோட்டாராக வரும். கீழ்ப்பெரும்பாக்கத்தில் ரயில் பாதைக்கு அடியில் போகிற வழியில் மழைக்காலத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் என் இடது முட்டி கெட்டது. பாண்டி ரோட்டில் கடை வைத்திருக்கிறவர்கள் தூசியைத் தின்று தின்றே பெரிய ஆளாகிவிட்டார்கள், அவர்களிடம் பேசினால் ஒரு வார்த்தைக்கு ஒரு வார்த்தைதான் பதில் வரும். சாலாமேட்டில் ஆள் நல்லவர்கள், நாய் கெட்டது என்பார்கள். எனக்கு அங்கே நாய் ஒன்றும் செய்ததில்லை.

நாங்கள் குடியிருந்தது வண்டிமேட்டில். ஓட்டு வீடு, முன்னால் ஒரு அறை, பின்னால் ஒரு அறை. ஒன்பது வருடம் இருந்தோம். என் மனைவி முண்டியம்பாக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். ஒரே மகள். போன வருடம் பதினோராவது முடித்தாள், பன்னிரண்டாவது தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். ஆனி கடைசியில் வீட்டுக்காரர் வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"மோட்டார்காரரே, வூட்ட இடிக்கலாம்னு இருக்கேன். பையன் மாடி வூடு கட்டணும்ன்றான். ஆவணி மொத முகூர்த்தத்துல பூஜை போடணும். அதுக்குள்ள இடிச்சி மண்ண வாரிடணும்ல?"

"அப்ப எப்ப காலி பண்ணணுங்க?"

"ஆடிலதான். பாதி ஆடிக்குள்ள குடுத்துடுங்க."

"ஆடில யாருங்க வூடு குடுப்பாங்க?"

"அத நான் இன்னா பண்றது? இடிக்கறதுக்கு ஆடி கணக்கு இல்லீங்களே. கட்டறதுக்குத்தானே கணக்கு."

இதுதான் இங்கே எல்லோருடைய நியாயமும். ஆடியில் யாரும் புது வீட்டுக்குக் குடி போக மாட்டார்கள், பால் காய்ச்ச மாட்டார்கள். ஆனால் குடியிருக்கிறவனை ஆடியில் வெளியே அனுப்பலாம். வெளியே போகிறவன் எங்கே போவான் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கவில்லை.

எனக்கு அன்றைக்குக் கவலை வரவில்லை. சிரிப்புதான் வந்தது. நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். ஆடியும் மார்கழியும் எங்களுக்கு இல்லை. தெருவுக்குத் தெரு வாடகைக்கு என்று அட்டை தொங்கும், போட்டிக்கு ஒருவரும் வரமாட்டார்கள், நல்ல வீடாகப் பார்த்து எடுக்கலாம் என்று கணக்குப் போட்டேன். மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். இந்த ஊரில் இத்தனை வருடம் இருந்தும் இந்த ஊர் தெரியாதவன் போட்ட கணக்கு அது.

முதலில் சாலாமேடு. கேட்டில் அட்டை தொங்கியது. வீட்டுக்கார அம்மா கேட்டைப் பாதி திறந்து நின்றார். அவர் வீட்டு மோட்டாருக்கு நான் இரண்டு தடவை காயில் கட்டியிருக்கிறேன்.

"அட, நீங்களா. வாங்க வாங்க. வூடு வேணுமா? தாராளமா. ஆனா ஆடி கழிஞ்சிதான் வருவீங்க?"

"எங்களுக்கு ஆடில்லாம் கிடையாதுங்கம்மா. இன்னிக்கே வர்றோம்."

அந்த அம்மாவின் கை கேட்டை இன்னும் கொஞ்சம் மூடியது. அதைப் பார்த்தேன், புரியவில்லை.

"ஓ. வேதக்காரங்களா நீங்க? சொல்லவே இல்லியே. சொந்த ஊரு?"

"காணை பக்கம்."

"காணைல எங்க? ஊருக்குள்ளயா, இல்ல, அந்தாண்டயா?"

"அந்தாண்டதாங்க." காலனி என்ற சொல்லை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

"சரி. வூட்டுக்காரர கேட்டுட்டு போன் பண்றேன்."

போன் வரவில்லை. நானாகப் போன் செய்தபோது ஆள் வந்துவிட்டது என்றார். அட்டை அடுத்த வாரமும் தொங்கியது.

வழுதரெட்டியிலும் அதேதான். கீழ்ப்பெரும்பாக்கத்தில் ஒருவர் இன்னும் சுருக்கமாக முடித்தார். பூந்தோட்டத்தில் ஒரு பெரியவர் மட்டும் மரியாதையாகச் சொன்னார், தரை இன்னும் காயவில்லை என்று. நான் செருப்பைக் கழற்றி அந்தத் தரையில்தான் நின்றுகொண்டிருந்தேன். எல்லா இடத்திலும் நான் அந்த ஒரே வாக்கியத்தைச் சொன்னேன், எங்களுக்கு ஆடி கிடையாது என்று. ஒவ்வொரு தடவையும் ஏதோ தள்ளுபடி கொடுப்பவன் போல நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். இருபத்தைந்து வருடம் யாரும் என்னிடம் கேட்காத கேள்வியை நானே எடுத்து அவர்கள் கையில் கொடுத்திருக்கிறேன்.

மனைவிதான் கண்டுபிடித்தாள். சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"போற எடத்துல எல்லாம் இன்னா சொல்றீங்க?"

சொன்னேன். கரண்டியைக் குண்டானிலேயே போட்டுவிட்டாள்.

"ஏங்க, அறிவிருக்கா உங்களுக்கு? சர்ட்டிபிகேட்டு காட்டிக்கினு சுத்தறீங்களே! ஆடி கழிச்சி வர்றோம்னு சொல்லிட்டு வாயை மூடிக்கினு வாங்களேன்."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"வூடு வேணுமா, வேணாமா?"

மகளுக்காக வீடு வேண்டும். அடுத்த நாள் பாண்டி ரோட்டுக்கு உள்ளே தள்ளி ஒரு தெருவுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். பெண் பிள்ளையோடு போனால் குடும்பம் என்று நம்புவார்கள் என்று மனைவிதான் சொன்னாள். வீடு நன்றாக இருந்தது. படிக்க ஜன்னலோரம் இடம் இருந்தது. மகள் அந்த ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தாள். வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிரித்த முகமாகப் பேசினார். நான் ஆடி கழித்துத்தான் பால் காய்ச்சுவோம் என்றேன். பாதி ஆடியிலிருந்து ஆவணி வரை எங்காவது ஒண்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"ரொம்ப சந்தோஷம். இந்தக் காலத்துல யாருங்க இதெல்லாம் பாக்கறாங்க. நீங்க பாக்கறீங்களே. குலசாமி எதுங்க?"

இதற்கு வீட்டிலிருந்து பதில் கொண்டு வரவில்லை. "மாரியாத்தா" என்றேன்.

"எந்த ஊரு மாரியாத்தா?"

"காணை."

"காணைலதான் நான் பொண்ணு எடுத்திருக்கேன். கூழு ஊத்தறது எந்த வாரம் உங்களுக்கு? ரெண்டாவதா, மூணாவதா?"

"மூணாவது" என்றேன். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் என் மகளின் கழுத்துக்குப் போனது. அவள் சின்ன வயதிலிருந்து போட்டிருக்கிற மாதா டாலர் அங்கே இருந்தது. அதைக் கழற்றிவிட்டு வா என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் சொல்லியிருப்பேனா என்று கேட்காதீர்கள். அன்றைக்கு நான் இருந்த நிலைமையில் சொல்லியிருப்பேன்.

"மூணாவது வாரமா. சரிங்க. சொல்லி அனுப்பறேன்."

மகள் எனக்கு முன்னால் வேகமாக நடந்து தெருமுனைக்குப் போய்விட்டாள். வண்டியில் ஏறும்போது ஒன்றுதான் கேட்டாள். "மூணாவது வாரம்னு எப்பிடிப்பா டக்குனு வந்துச்சி உனக்கு?" அதற்குப் பிறகு வீடு பார்க்க அவள் வரவில்லை.

அதனால்தான் சார் உங்களிடம் வந்தேன். மற்றவர்களிடம் போனதுபோல உங்களிடம் வரவில்லை. நீங்கள் மேடையில் பேசுகிறவர். ரிட்டையர் ஆன பிறகு அதுதான் உங்கள் வேலை. மோட்டார் பார்க்க வந்த என்னையே இரண்டு கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். ஒரு கூட்டத்தில் சொன்னீர்கள், ஆடி என்ன, ஆவணி என்ன, எந்த மாதத்தில் சோறு தின்னாலும் பசி ஆறுகிறது என்று. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். சாதி கேட்கிற வீட்டு வாசலை மிதிக்காதே என்று இன்னொரு கூட்டத்தில் சொன்னீர்கள். சரி, சாதி கேட்காத வாசல் ஒன்று இந்த ஊரில் இருக்கிறது என்று நம்பி வந்தேன்.

உங்களிடம் எதையும் மறைக்கவில்லை. வண்டிமேட்டு வீடு போகிறது, பாதி ஆடிக்குள் வெளியேற வேண்டும், பெண் பன்னிரண்டாவது படிக்கிறாள், மாடி காலியாக இருக்கிறதே சார் என்றேன். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள்.

"தம்பி, நீ கேட்டு நான் இல்லன்னு சொல்லுவனாப்பா? பையன் வர்றான். குடும்பத்தோட. அவனுக்குன்னு வச்சிருக்கேன்."

"எப்ப சார் வர்றாரு?"

"சீக்கிரமே வந்துடுவான்."

நம்பினேன். உங்களுக்காக வருத்தப்பட்டேன்கூட. சாருக்கு நமக்குக் கொடுக்க ஆசைதான், மகன் வருகிறான், என்ன செய்வார் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தாள்.

திண்டிவனத்துக்குப் போனோம். மனைவியின் தம்பி ரோஷணையில் குடியிருக்கிறான். அவன் வீட்டுக்குப் பின்னால் ஒரு அறையும் தகர ஷீட் போட்ட சமையல் இடமும் இருந்தது. "வா மாமா, ஆடி ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்று சிரித்தான். சிரிக்கிறவன் அவன் ஒருவன்தான்.

திண்டிவனம் எனக்கு வேண்டாத ஊர். அந்த ஊரைப் பாதி பேர் மேம்பாலத்தின் மேலிருந்துதான் பார்த்திருப்பார்கள். சென்னை பஸ் ஆளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பறக்கும், அதற்குப் பிறகு ஊருக்குள் போவது உங்கள் பாடு. செஞ்சி ரோட்டில் மல்லாட்டைக் கடலை மூட்டை லாரிக்குப் பின்னால் மாட்டினால் அன்றைக்கு வேலை கெட்டது. மரக்காணம் ரோட்டில் உப்புக் காற்றில் எந்த மோட்டாரும் இரண்டு வருடம் தாங்காது, அது எனக்கு லாபம்தான், ஆனால் அங்கே எனக்குக் கடை இல்லை. கிடங்கலில் கோட்டை இருந்தது என்று சொல்வார்கள். இருக்கட்டும். நான் பார்த்தது அந்தப் பக்கத்துச் சாக்கடையை. ரோஷணையில் மட்டும் யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், கேட்க ஒன்றுமில்லை. அதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் இருக்கிற இடத்துக்குத்தான் கடைசியில் என்னை அனுப்பியிருக்கிறார்கள், அதைச் சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்தை மாற்ற முடியாது. பன்னிரண்டாவதில் யாரும் சேர்க்கவும் மாட்டார்கள், அவளும் வரமாட்டேன் என்றாள். விடிவதற்குள் எழுந்து குளித்து பஸ் ஏறுகிறாள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நிற்கிற நேரத்தில் மடியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு தூங்குகிறாள். இதை அவள் சொல்லவில்லை, வெயில் ஏறின பிறகு வண்டியில் கடைக்குப் போகிற நான் ஒருநாள் அவளோடு பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். முண்டியம்பாக்கத்தில் அவள் அம்மா இறங்கும்போது தட்டி எழுப்பிவிட்டு இறங்குகிறாள். அம்மாவுக்கு வேறு ஷிப்ட் என்றால் எழுப்ப ஆள் இல்லை. முதல் பரீட்சையில் அவள் வாங்கிய மார்க்கை நான் இங்கே எழுதமாட்டேன். பத்தாவதில் பள்ளிக்கூடத்தில் இரண்டாவதாக வந்தவள் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

ஆவணி பிறந்தது. முதல் முகூர்த்த நாள் காலையில் விழுப்புரத்தில் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். உங்கள் போன்.

"தம்பி, கொஞ்சம் ஜல்தியா வாப்பா. மாடிக்குத் தண்ணி ஏறல. ஆளுங்க வந்து நிக்கறாங்க, பேஜாராப் போச்சி."

"பையன் வந்துட்டாருங்களா சார்?"

"நீ வா, வந்து பாரு."

வந்தேன். வாசலில் பெரிய கோலம், கேட்டில் மாவிலை. மினி லாரியிலிருந்து பீரோ இறங்கிக்கொண்டிருந்தது. இறக்கிக்கொண்டிருந்தவர் உங்கள் மகன் இல்லை. உங்கள் மகனை எனக்குத் தெரியும், அவர் கல்யாணத்துக்கு உங்கள் வீட்டில் புது மோட்டார் வைத்ததே நான்தான். மாடியில் பால் பொங்கி முடித்திருந்தார்கள். பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் காலிக் குடத்தோடு படியில் நின்றிருந்தார்.

"அண்ணா, தண்ணி வந்துடுமா? பால் பாத்திரம்கூடக் கழுவல."

வந்துவிடும் என்றேன். கன்டென்சர் போயிருந்தது, அவ்வளவுதான். மாற்றிவிட்டு ஓட விட்டேன். அந்தப் பெண்ணின் மேல் எனக்கு என்ன கோபம். தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டதும் அவர் ஓடிவந்து எனக்கும் ஒரு டம்ளர் பால் கொடுத்தார். மற்றவர்களுக்குக் கொடுத்த அதே டம்ளர். சார், டம்ளர் விஷயத்தில் உங்கள் வீட்டில் எப்போதும் குறை வந்ததில்லை. பதினோரு வருடமாக அதே டம்ளரில்தான் காபி கொடுத்தீர்கள். அதனால்தான் ஏமாந்தேன்.

நீங்கள் மோட்டார் பக்கத்தில் வந்து நின்றீர்கள்.

"பையன் ப்ளானு மாறிடுச்சிப்பா."

"எப்ப சார் மாறிச்சி?"

"இப்பதான். அதுவும் இல்லாம நீ ஆடில வந்து கேட்ட. ஆடில எப்பிடிப்பா குடுக்கறது? வூட்ல பொம்பளைங்க ஒத்துக்க மாட்டாங்க."

"ஆவணில தர்றேன்னு சொல்லியிருக்கலாமே சார். பதினஞ்சி நாளு எங்கனா இருந்துக்கினு வந்திருப்போமே."

"பால் ஆறுது, குடி" என்றீர்கள். குடித்தேன். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

சாலாமேட்டு அம்மா கேட்டை மூடினார், புரிந்தது. பாண்டி ரோட்டுக்காரர் குலசாமி கேட்டார், புரிந்தது. அவர்கள் யாரும் மேடையில் ஏறி வேறு ஒன்று சொல்லவில்லை. அவர்களோடு எனக்குச் சண்டை உண்டு, ஆனால் அவர்கள் என்னை வரச் சொல்லிக் கைதட்ட வைக்கவில்லை. நீங்கள் செய்தீர்கள்.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. போன வாரம் மகள் பஸ்ஸிலிருந்து இறங்கி, பையைக்கூட வைக்காமல் ஒரு நோட்டீசை நீட்டினாள். அவள் பள்ளிக்கூடத்து விழாவுக்கு நீங்கள் பேச வருகிறீர்கள். "எல்லோரும் ஓர் நிறை" என்று தலைப்பு. பேச்சு முடிந்ததும் மாணவர்கள் கேள்வி கேட்கலாம் என்று கீழே போட்டிருக்கிறது.

"அப்பா, நான் எழுந்து கேக்கட்டுமா?" என்றாள்.

வேண்டாம் என்றேன். பயந்து சொல்லவில்லை. அவள் படிக்கிற வேலையைச் செய்யட்டும். கேட்கிற வேலை என்னுடையது. அதைத்தான் இங்கே செய்திருக்கிறேன்.

சார், அந்த மேடையில் உங்கள் கையில் மைக் இருக்கும். முன்னால் அறுநூறு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள், அதில் ஒருத்தி திண்டிவனத்திலிருந்து வந்தவள். உங்கள் தலைப்பைப் பேசுவதற்கு முன்னால் உங்கள் பெயரைச் சொல்லுங்கள், தெருவின் பெயரைச் சொல்லுங்கள். மாடி காலியாக இருந்ததா, இல்லையா? இருந்தது என்றால், எனக்கு ஏன் இல்லை? எனக்குத் தனியாகப் போன் செய்து சொல்லாதீர்கள், வீட்டுக்குக் கூப்பிட்டுக் காபி கொடுத்துச் சொல்லாதீர்கள். அந்த மைக்கில், அந்தப் பிள்ளைகள் முன்னால் பதில் சொல்லுங்கள்.